2040 இன் முதியோரை இன்றே எண்ணுவோம்

"வயசு போனா அப்படித்தான்." எமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. உம்மும்மா இரவிரவாக உறங்காமல் கிடந்தாலும், அப்பா யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருந்தாலும் இதே விடைதான். மூட்டுவலிக்குக் கிளினிக் அழைத்துச் செல்லும் நாம், மனச்சோர்வுக்கு அழைத்துச் செல்வதில்லை. மனச்சோர்வு முதுமையின் இயல்பு அல்ல. அது சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நோய்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதம். 2041 அளவில் நால்வரில் ஒருவர் அந்த வயதினராக இருப்பார் என மதிப்பிடப்பட்டுள்ளது. இது சோதிடம் அல்ல. அந்த முதியோர் இனிப் பிறக்கப் போகிறவர்கள் அல்லர். இன்று எம்மோடு வாழும் உம்மாமாரும் வாப்பாமாரும்தான்.

ஆனால், தலைகளை மட்டும் எண்ணினால் போதாது. 1980 இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990 இல் அவருக்கு 10 வயது. சுனாமி வந்தபோது 24. பொருளாதார நெருக்கடியின் 2022 இல் 42. 2040 இல் அவருக்கு 60. அத்தனை இழப்புகளையும் சுமந்தே அத்தலைமுறை முதுமைக்குள் நுழையும்.

போதைப்பொருள் என்றால் இளைஞர்களை மட்டுமே நினைக்கிறோம். வெற்றிலையோடு சேரும் புகையிலையை எந்த வீட்டிலும் போதை என்பதில்லை. உறக்கத்துக்கென்று தொடங்கி, வைத்தியரிடம் மீண்டும் காட்டாமலே வருடக்கணக்கில் விழுங்கப்படும் மாத்திரைகளும் அப்படியே. வயது முதிர்ந்த உடலில் மருந்து மெதுவாகவே கழிகிறது. தடுமாறி விழுதல், எலும்பு முறிதல், மனக்குழப்பம் என்பன அதன் விளைவுகள். இன்று ஹெரோயினிலும் ஐஸிலும் சிக்கியுள்ளோரும் ஒருநாள் முதியவர்களாவர். அவர்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

"பெற்றோரைப் பேணுவது எமக்கு மார்க்கக் கடமை; சேவைகள் எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். கடமைதான். ஆனால், அன்பு மட்டும் நோயை இனங்காணாது. பிள்ளைகளின் தொகை குறைகிறது. பலர் வெளிநாடுகளில் உழைக்கிறார்கள். எஞ்சியிருக்கும் ஒரு மகளின் தோளில் முழுச் சுமையும் விழுகிறது. அவளுக்குத் துணை நிற்கும் சேவை, கடமையைப் பறிப்பதல்ல. அதை நிறைவேற்ற உதவுவது.

மருந்துத் தட்டுப்பாடே தீராத நாட்டில் இதற்கு இப்போதென்ன அவசரம் என்றும் கேட்கப்படலாம். இன்று மருத்துவ பீடத்துக்குள் நுழையும் ஒரு மாணவி மனநல விசேட வைத்தியராவதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் செல்லும். 2040 இல் தேவைப்படுபவரை 2040 இல் உருவாக்க முடியாது.

இதற்கான முன்மாதிரி எம்மிடமே உண்டு. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று நாடெங்கும் உள்ளது. ஒரு குழந்தை பிறந்தால் மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வருகிறார். நிறை பார்க்கிறார், தாயின் மனநிலையையும் விசாரிக்கிறார். எழுபது வயது உம்மும்மாவைத் தேடி அப்படி யார் வருகிறார்? ஒவ்வொரு பிரிவிலும் முதியோரின் உறக்கம், ஞாபகம், மனநிலை, மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டுக்கே வந்து விசாரிக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும் என்பதே என் கோரிக்கை. அவர் எழுதும் பதிவுகளே எதிர்காலத் தேவையைக் கணிக்கும் நம்பகமான கணக்காகவும் அமையும்.

அதுவரை எம்மால் முடிந்ததும் உண்டு. "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று கேலி பேசுவதை நிறுத்துவோம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை வீட்டில் எல்லோரும் காணும் இடத்தில் எழுதி ஒட்டுவோம். உயிரியல் பிரிவில் கற்கும் தோழியரே, உங்கள் கனவுத் துறைகளின் பட்டியலில் முதியோர் மனநலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2040 இல் உங்கள் முன் அமரப்போகும் நோயாளி, உங்களைப் பெற்றவராகவே இருக்கலாம்.