டெசிக்னேஷன் இல்லாத கல்லறை

அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1,900 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, செயின்ட் ஹெலினா என்றொரு தீவு. பச்சை மலை, இதமான காற்று. மே மாசத்து வெயிலில் ஃபைல் புரட்டும் நமக்கு ஏக்கமாகத்தான் இருக்கும். ரொம்ப வருஷம் கேப் டவுனில் கப்பல் ஏறி அஞ்சு நாள் போகணும். ஏர்போர்ட் கட்டினார்கள், ஓடுபாதையில் காற்று சுழற்றியடித்ததில் திறப்பு தள்ளிப்போய், 2017 அக்டோபரில்தான் ரெகுலர் விமானம் வந்தது.

ஜேம்ஸ்டவுனில் மலைமேல் செங்குத்தாக ஏறும் 699 படிகள் உண்டு. சென்னையில் கோட்டை கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான் இங்கேயும் 1659-ல் கோட்டை கட்டி உட்கார்ந்தது. முழங்கால் திடமாக இருந்தால் ஏறுங்கள். இல்லையென்றால் நேரே லாங்வுட் போய்விடலாம். நெப்போலியனைச் சிறை வைத்த வீடு.

1815 அக்டோபரில் வந்து இறங்கினார் மனுஷன். ராஜ்யம் போச்சு, படை போச்சு. டெசிக்னேஷனை மட்டும் விடமாட்டேன் என்றார். பிரிட்டிஷ்காரர்களோ 'ஜெனரல் போனபார்ட்' என்றுதான் கூப்பிடுவோம் என்றார்கள். கவர்னர் ஹட்சன் லோ அந்தப் பெயர் போட்டு விருந்துக்கு அழைத்தார், பதிலே போகவில்லை. 'சக்கரவர்த்தி நெப்போலியனுக்கு' என்று எழுதி ஒருத்தர் அனுப்பிய புத்தகத்தை கவர்னர் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். (நம்ம ஆபீசில் கவர் மேல் 'சீனியர்' விட்டுப்போனதற்கு நடந்த கூத்து ஞாபகம் வருகிறதா?) செலவைக் குறை என்று கவர்னர் நெருக்க, இவர் வெள்ளித் தட்டுகளை உடைத்து விற்க ஆளனுப்பினார். பணத்தேவையைவிட, ஊரறிய மானத்தை வாங்கணும் என்பதுதான் நோக்கம்! அந்த ஈரம் கசிந்த, எலி ஓடிய வீட்டுக்குள்ளேயும் அரண்மனைச் சட்டம்தான். அவர் சொல்லாமல் எதிரில் யாரும் உட்காரக்கூடாது.

1821 மே 5-ல் இறந்தார். சண்டை ஓயவில்லை. கல்லறையில் 'நெப்போலியன்' போதும் என்றது அவர் தரப்பு. ராஜாக்களுக்கு இனிஷியல், குடும்பப் பெயரெல்லாம் ஏது? 'போனபார்ட்' சேர்த்தே ஆகணும் என்றார் கவர்னர். ரெண்டு பேரும் இறங்கி வராததால் கல்லை மொட்டையாகவே பதித்துவிட்டார்கள்.

1840-ல் உடலை பாரீசுக்குக் கொண்டுபோனார்கள். லாங்வுட் வீடும், கல்லறை இருக்கும் பள்ளத்தாக்கும் 1858 முதல் பிரான்ஸுக்குச் சொந்தம். இப்போது யாரைக் கேட்கணும்? இஷ்டப்பட்ட பெயரை எழுதிக்கொள்ளலாம். எழுதவில்லை. புல்வெளி நடுவே, வேலிக்குள்ளே, அந்தக் கல் வெறுமனே கிடக்கிறது.