அஞ்சு கிலோ பேச்சு, ஒரு கிலோ எழுத்து

பாட்காஸ்ட் என்றால் என்ன என்று போடிநாயக்கனூரில் ஒருத்தருக்கு விளக்கிப் பாருங்கள், தெரியும் சங்கதி. "ரேடியோ மாதிரி, ஆனா ரேடியோ இல்லை. கேசட் மாதிரி, ஆனா கேசட் கிடையாது. செல்லுல எப்ப வேணாலும் கேட்கலாம்" என்று மூன்று வருஷம் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியது. எதிர்வீட்டுப் பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப போன்ல பேசுறதுதானப்பா?" என்பார்.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. போன மாசத்தோடு கடையை மூடிவிட்டு, முழு நேரமாக எழுத உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பாவின் கேள்வி மட்டும் மாறியிருக்கிறது. "எழுதுறது சரிப்பா... வேலைக்கு எப்பப் போற?"

அந்தப் பெயரே ஒரு வேடிக்கை. 2004 பிப்ரவரியில் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் கட்டுரை எழுதும்போது, ஐபாடையும் பிராட்காஸ்டையும் ஒட்டுப்போட்டு 'பாட்காஸ்ட்டிங்' என்று போட்டுவைத்தார். அது நிலைத்துவிட்டது. ஐபாடுதான் நிலைக்கவில்லை. 2022-ல் ஆப்பிள் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. தாத்தா போன பிறகும் இனிஷியல் ஓடுவதில்லையா, அந்த மாதிரி!

எங்கள் நிகழ்ச்சிக்கு நாங்கள் இரண்டே பேர். நான், அப்புறம் ஏலக்காய் குடோன் ஒன்றில் கணக்கு எழுதும் என் சிநேகிதன். (ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் எங்களுடையது. இரண்டுக்கும் தமிழில் ஒரே வார்த்தை. வெளியூர்க்காரர் யாராவது "எந்த ஏலம்?" என்று கேட்டால் அன்றைய பொழுது போய்விடும்.) குடோனின் பின்னறைதான் ஸ்டூடியோ. சுற்றிலும் சாக்குமூட்டை. எதிரொலி என்பதே கிடையாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து சுவரில் பஞ்சு ஒட்டுகிறவர்கள் பொறாமைப்பட வேண்டும். ஒரே ஒரு கஷ்டம், பேட்டி உருக்கமாகப் போகும் நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் சலிக்கிற மெஷினைப் போட்டுவிடுவார்கள்.

நான் பி.காம். பழக்கதோஷம், முதல் நாளிலிருந்தே பேரேடு போட்டுவிட்டேன். பற்றுப் பக்கத்தில் மைக், ஒலிக்கோப்புகளை இணையத்தில் வைப்பதற்கு வருஷ வாடகை, குரங்கணிக்கும் போடிமெட்டுக்கும் பேட்டி எடுக்கப் போன ஜீப் காசு. வரவுப் பக்கத்தில் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வரி. ஒரு தீபாவளிக்கு ஜவுளிக்கடை விளம்பரம். கூலியாக இரண்டு சட்டைத் துணி கொடுத்தார்கள். சட்டைத் துணியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று காலேஜில் யாரும் சொல்லித்தரவில்லை, ஸார்.

ஆனால் பணத்துக்காக மட்டும் நிறுத்தினேன் என்று சொன்னால் அது பாதிதான். ஒருநாள் பழைய நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுக்கேட்டு, வார்த்தை விடாமல் தாளில் இறக்கினேன். நாற்பது நிமிஷப் பேச்சு, நாலாயிரத்துச் சொச்சம் வார்த்தை. அதில் 'வந்து', 'அதாவது', 'பார்த்தீங்கன்னா', 'என்ன சொல்ல வர்றேன்னா' எல்லாவற்றையும் தட்டி எடுத்தேன். சொன்னதையே திரும்பச் சொன்னது போயிற்று. நாங்களே சிரித்துக்கொண்டது போயிற்று. மிஞ்சியது தொள்ளாயிரம்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது புதுக்கணக்கு இல்லை. மலையில் பறிக்கிற பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோவை உலர்த்தினால்தான் ஒரு கிலோ ஏலக்காய். ராத்திரி பூராவும் சூடு குறையாமல், கூடாமல் பார்த்துக்கொண்டு ஒருத்தன் முழித்திருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் பச்சை நிறம் போய்விடும், விலையும் போய்விடும். அந்தத் தொள்ளாயிரத்தைத் திருப்பித் திருப்பி அடித்து எழுதிய ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்று வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து ஒருநாளும் அப்படி முழித்ததில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சிநேகிதன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"மாப்ளே, எழுதுனா எவன்டா படிக்கிறான்? இங்க காய் பொறுக்குற அக்காமாருக்கு ரெண்டு கையும் வேலையில இருக்கு. காது மட்டும்தான் சும்மா இருக்கு. அதையும் விட்டுட்டுப் போறேங்கற!"

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. தரம் பிரிக்கிற பெண்கள் நடுவில் ஒரு செல்லை வைத்துக் கேட்பார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப் டிரைவர்கள், மேலே போனால் சிக்னல் கிடைக்காது என்று கீழேயே இறக்கி வைத்துக்கொள்வார்கள். மொத்தம் நானூறு பேர் தேறும். எண்ணிக்கையில் சின்னதுதான். நானூறு பேரும் பஸ் ஸ்டாண்டில் கண்டால் டீ வாங்கிக் கொடுக்கக்கூடியவர்கள்.

இன்னொன்றும் உண்டு. மலையில் நாற்பது வருஷம் கங்காணியாக இருந்த ஒரு பெரியவரைப் பேட்டி எடுத்திருந்தோம். பேச்சுக்கு நடுவில் ஒரு இருமல், ஒரு வெற்றிலைத் துப்பல், அப்புறம் மறுபடி கதை. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகள் இப்போதும் அந்த நிகழ்ச்சியைப் போட்டுக் கேட்கிறாராம். அந்தக் கதையை நான் இன்னும் நன்றாக எழுதிவிடுவேன். அந்த இருமலை எப்படி எழுதுவது? அதனால்தான் நிகழ்ச்சியை நிறுத்திய பிறகும் வருஷ வாடகையைக் கட்டுகிறேன். கட்டாவிட்டால் அவர் குரல் இணையத்திலிருந்து போய்விடும். பேரேட்டில் இது நஷ்டம்தான். இருக்கட்டும்.

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் யார் யார் என்று தேடிப் பார்த்தேன். பயத்துக்கு ஒரு துணை வேண்டுமில்லையா! அசோகமித்திரன் பதினாலு வருஷம் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்துவிட்டு 1966-ல் வெளியே வந்து, எழுத்தே கதி என்று உட்கார்ந்தார். கையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சினிமா உலகத்தில் பார்த்துவைத்த மனிதர்கள் எல்லோரும் 'கரைந்த நிழல்கள்' நாவலுக்குள் வந்து இறங்கினார்கள். சாகித்ய அகாதமி பரிசு வந்தது 1996-ல். முப்பது வருஷம்! இதை வீட்டில் சொல்லவில்லை.

அகிலன் கதை வேறு தினுசு. ரயில்வே தபால் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளராக இருந்து பார்த்தார். சில வருஷம் கழித்து, சென்னை வானொலியில் உத்தியோகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, 1975-க்கான ஞானபீடம் அவருக்குத்தான். தி.ஜானகிராமனோ வானொலியில் இருந்துகொண்டே நாவலாக எழுதித் தள்ளினார். அமெரிக்காவில் ஸ்காட் சிக்லர் என்று ஒருவர் இன்னும் கெட்டிக்காரர். 2005-ல் தன் நாவலைத் தானே வாசித்து பாட்காஸ்ட்டில் வாராவாரம் இலவசமாகக் கொடுத்தார். கேட்டவர்கள் கூட்டம் சேர்ந்ததும், 2008-ல் பெரிய பதிப்பகமே அவர் புத்தகத்தைப் போட்டது.

சிக்லர் விஷயத்தைச் சிநேகிதனிடம் சொல்லியிருக்கக் கூடாது. "பாத்தியா, அவரு பேசிக்கிட்டே எழுதியிருக்காரு!" என்று பிடித்துக்கொண்டான். எனக்கு இரண்டும் சேர்ந்து வரவில்லை. ஒன்றைப் பேசித் தீர்த்துவிட்டால் அதை எழுதுகிற பசி போய்விடுகிறது. டீக்கடையில் நாலு பேரிடம் கதை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தால், அது சாப்பிட்ட இலை மாதிரி கிடக்கிறது.

எட்டு மாசத்துக்கு அரிசி, கரண்ட் பில், அம்மாவின் மாத்திரை, இவ்வளவுக்கும் கையில் இருக்கிறது. ஒன்பதாவது மாசம் என்ன என்று அம்மா கேட்கவில்லை. காலண்டரில் மட்டும் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். கட்டுரை வந்து, பணம் வருகிற வரையில் நடுவில் கிடக்கிற வாரங்கள் இருக்கிறதே, அதற்குத் தனிப் பேரேடு வேண்டும்.

ஊரில் சிலர், "எங்க போயிடும், திரும்ப ஆரம்பிப்பீங்க" என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 2010 கடைசியில் நின்ற எங்கள் ஊர் ரயில், அகலப்பாதை போட்டு 2023 ஜூன் 15-ல் திரும்பி வந்தது. அதிலிருந்து எது நின்றாலும் வந்துவிடும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

சிநேகிதன் சும்மா இருக்கவில்லை. தனியாகவே ஆரம்பித்துவிட்டான். தினம் இரண்டு நிமிஷம், அன்றைய ஏலக்காய் விலை, மேலே மழை உண்டா இல்லையா, அவ்வளவுதான். மூன்று வருஷம் நாங்கள் தேடிப் பிடித்த நானூறு பேரை மூன்றே வாரத்தில் தாண்டிவிட்டான்! நேற்று போன் செய்தான்.

"மாப்ளே, விளம்பரம் ஒண்ணு வந்திருக்கு. நாலு வரி நறுக்குன்னு எழுதிக் குடு. நீதான் இப்ப எழுத்தாளராச்சே."

"எவ்வளவுடா தருவாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"உனக்குச் சட்டை அளவு என்ன, நாப்பதா?"