சட்டம் டப்பாவோடு நிற்கக் கூடாது: மரச்சாமான் நஞ்சிலிருந்து பிள்ளைகளைக் காக்க ஒரு கோரிக்கைச் சாசனம்

ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடமும் தமிழ்நாடு அரசிடமும் பெற்றோர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் தச்சுத் தொழிலாளர்களும் சேர்ந்து வைக்கும் கோரிக்கைகள் இவை.

பல் முளைக்கும் பிள்ளை கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். நடைவண்டியின் கைப்பிடி, தொட்டிலின் கம்பு, கட்டிலின் விளிம்பு எதையும் விடாது. மேலே பூசிய பெயிண்டில் ஈயம் இருந்தால் அது நேராக வயிற்றுக்குப் போகிறது. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சின்னப் பிள்ளைகளின் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். வளர்கிற மூளையை அது தாக்குகிறது. படிப்பும் கவனமும் கெடுகின்றன. கெட்டதை மீட்டுத் தர மருந்து கிடையாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நாட்டில் சட்டமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2016-இல் வந்த விதியின்படி, 2017 நவம்பர் 1 முதல் வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் அது டப்பாவோடு நின்றுவிடுகிறது. பட்டறையில் பூசி முடித்துக் கடைக்கு வரும் கட்டிலையும் குழந்தை நாற்காலியையும் பற்றி அது பேசவில்லை. தொழிற்சாலைத் தேவைக்கான பெயிண்ட் அந்த விதிக்குள்ளேயே வரவில்லை. அதே பெயிண்டை இரும்புக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடித்தால் கேட்பார் யார்? பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் வர லெட் குரோமேட் என்ற ஈய நிறமி பயன்பட்டு வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கென்று செய்யும் சாமான்களுக்கு இந்த நிறங்களைத்தான் நாம் ஆசையாகக் கேட்டு வாங்குகிறோம்.

அமெரிக்கா 1978-இல் ஈயப் பெயிண்டைத் தடை செய்தபோது, அதைப் பூசிய பொம்மைகளையும் மரச்சாமான்களையும் சேர்த்தே தடை செய்தது. இங்கே பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொம்மையைக் கடிக்கும் பிள்ளைதான் கட்டிலையும் கடிக்கிறது. எனவே, 90 என்ற வரம்பைப் பூசி முடித்த சாமானுக்கும் பொருத்துங்கள். தொழிற்சாலைப் பெயிண்டையும் அந்த வரம்புக்குள் கொண்டுவாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவுகளைத் தயாரிப்பாளரின் பெயரோடு தமிழில் வெளியிட வேண்டும்.

அடுத்தது பசை. பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இவற்றை ஒட்டும் பசைகளில் பெருமளவு ஃபார்மால்டிஹைடு கலந்தவை. புது அலமாரியைத் திறந்ததும் மூக்கைத் துளைத்துக் கண்ணை எரிய வைக்கும் நெடிக்கு அதுவும் ஒரு காரணம். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இலேயே உறுதிசெய்துவிட்டது. வெப்பமும் ஈரப்பதமும் கூடக் கூட இந்த வாயு அதிகமாகக் கசியும். நம் சித்திரை வெயிலில், சன்னலடைத்த சின்ன அறையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மரப்பலகைச் சாமான்களிலிருந்து கசியும் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்து, அதை 2026 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்குக் கொண்டுவர முடிவெடுத்தது. அதற்கு இணையான வரம்பு இங்கேயும் வேண்டும். கசிவுத் தரம் பலகையில் மட்டுமல்ல, செய்து முடித்த சாமானிலும் தமிழில் அச்சிடப்பட வேண்டும்.

மாநில அரசு யாருக்கும் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேசை, நாற்காலி, அலமாரி வாங்கும் டெண்டரிலேயே ஈயச் சோதனைச் சான்றும் கசிவுத் தரச் சான்றும் கட்டாயம் என்று எழுதிவிடலாம். அரசு இப்படிக் கேட்டால் பட்டறைகள் மாறும்.

இரத்தப் பரிசோதனையையும் கேட்கிறோம். இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதை 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. சோகைக்குச் சிகிச்சைக்கு வரும் பிள்ளைக்கு, அரசு மருத்துவமனையிலேயே ஈய அளவையும் இலவசமாகப் பாருங்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வந்தது என்று கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் நியமியுங்கள்.

பொங்கலுக்கு முன் பழைய கட்டிலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடிப்பது நம் வழக்கம். பழைய பூச்சில் ஈயம் இருந்தால் பறக்கும் தூள் வீடெங்கும் படியும். நனைத்துத் தேய்ப்பது, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுப்பது, வேலை முடியும்வரை பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அப்புறப்படுத்துவது ஆகியவற்றைக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் வழியாக வீடுவீடாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் தூளை முதலில் சுவாசிப்பவர் தச்சரும் பெயிண்டருமே. வேலை உடுப்போடு வீடு திரும்பும் தகப்பன் அதைத் தன் பிள்ளைக்கும் கொண்டுபோகிறார். சட்டத்தை இறுக்கும்போது தண்டத்தை அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். பெயிண்டைத் தயாரித்தவரும் விற்றவருமே பொறுப்பேற்க வேண்டும். முகக்கவசமும் பயிற்சியும் ஆண்டுக்கொருமுறை இரத்தப் பரிசோதனையும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் மூலம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.