கோர்ட்டில் கட்டிய பணம் யாருடையது?

தீர்ப்பாகுமுன் பிரதிவாதி சொத்தை விற்றுவிடுவான், ஒளித்துவிடுவான் என்று வாதி காட்டினால், 1908-ம் வருஷத்திய சிவில் நடைமுறைச் சட்டம் 38-வது ஆர்டர் 5-வது விதிப்படி கோர்ட்டு ஜாமீன் கேட்கலாம். கொடாவிட்டால் சொத்தை ஜப்தி செய்யலாம். நிலத்தையோ கடையையோ காப்பாற்றிக்கொள்ள, ஏழைப் பிரதிவாதி கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டிவிடுகிறான்.

கட்டினவுடனே அது வாதியின் பணமாகிவிடுமா? ஒருக்காலும் ஆகாது. ஈடில்லாக் கடனை ஈடுள்ள கடனாக்க இவ்விதி ஏற்பட்டதல்லவென்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் 1975-ம் வருஷத்து மரேவா கப்பல் வழக்கால் பெயர் பெற்ற சொத்து முடக்க உத்தரவும் வாதிக்கு அடமான உரிமை எதுவும் தருவதில்லை.

தாவா தள்ளுபடியானால் ஜப்தியை நீக்கியே தீரவேண்டுமென்பது 9-வது விதி. ஜப்தியே போனபின், அதற்குப் பதிலாக நின்ற பணத்துக்கு மட்டும் கோர்ட்டில் என்ன வேலையென்று கேட்கிறோம். "அப்பீல் போகிறேன்" என்ற வாய்ச்சொல் போதாது. மேல்கோர்ட்டு உத்தரவைக் காட்டட்டும்.

உண்டியலில் போட்ட காசைத் திருப்பிக் கேட்டால் சாமி குற்றம் என்று பயமுறுத்துவார்கள். கோர்ட்டு கோயிலல்ல, ஜட்ஜி சாமியுமல்ல. ஆகவே, தோழர்களே, தாவாவில் ஜெயித்தால் அன்றே மனுப் போட்டுப் பணத்தைக் கேளுங்கள். போதிய காரணமின்றி ஜப்தி வாங்கியிருந்தால், 95-வது பிரிவின்படி 50,000 ரூபாய் வரை நஷ்டஈடும் கேட்கலாம்.

ஜெயித்தவன் தன் பணத்துக்காக மறுபடியும் வக்கீல் வீட்டு வாசலில் நிற்பது நியாயமா? தள்ளுபடித் தீர்ப்பிலேயே பணத்தைத் திருப்பிக்கொடுக்கும் உத்தரவையும் எழுதிவிட வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.