ஆட்டுக்கு எந்த ஊரில் பில் போடுகிறார்கள்?

வெள்ளாட்டுக்கு எந்தச் சந்தையில் பில் போட்டுத் தருகிறார்கள்? சொல்லுங்கள் ஐயா, இனிமேல் அங்கேயே போய் வாங்கிக்கொள்கிறேன்.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை சந்தை. ஆடு கொண்டுவருகிறவர்களில் பலர் வீட்டோடு நாலைந்து கொடி ஆடு வளர்க்கிற ஆச்சிமார். விலை வாய்ப்பேச்சு, காசு கைக்குக் கை. அங்கே கிடைக்கிற ஒரே தாள் சுங்கச் சீட்டு. அதில் ஆட்டின் தலைக்கணக்கு இருக்கும், விலை இருக்காது. அந்தச் சீட்டும் சந்தைக்குப் போனால்தானே கிடைக்கும்? என்னைப் பிடித்தது போகிற வழியில்!

2024 ஏப்ரல். 11ஆம் தேதி ரம்ஜான், 19ஆம் தேதி வாக்குப்பதிவு. ஆட்டு வியாபாரி வருஷம் முழுக்கக் காத்திருக்கிற வாரம் அது. தேர்தல் பறக்கும் படை எங்கள் வாடகைக் குட்டியானை வண்டியை ஓரங்கட்டச் சொன்னது. இருக்கைக்கு அடியில் பார்த்தார்கள், தார்ப்பாயை உதறினார்கள், கடைசியில் என் இடுப்புக்கு வந்தார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம். "இவ்வளவு பணம் ஏது? ஆதாரம் காட்டு." வட்டிக்கு வாங்கிய காசுக்கு நான் எங்கே போவேன் ஆதாரத்துக்கு? கொடுத்தவர் என்னிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார். எனக்கு ஒரு துண்டுச்சீட்டு தந்ததில்லை.

வீடியோ ஓட, என் பணத்தை மேசையில் அடுக்கி எண்ணினார்கள். மறுநாள் பேப்பரில், உரிய ஆவணமின்றிக் கொண்டுசென்ற பணம் பறிமுதல் என்று செய்தி. சம்பந்தி வீட்டில் அதைப் படித்துவிட்டுப் போன் போட்டார்கள்.

பிறகுதான் ஒரு வக்கீல் தேர்தல் ஆணையத்தின் நடைமுறையைப் படித்துச் சொன்னார். 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பிடிக்கலாம் என்று அதில் எழுதியிருப்பது வேட்பாளரோ அவர் ஏஜென்ட்டோ கட்சிக்காரரோ போகும் வண்டியைப் பற்றி, சுவரொட்டியும் பரிசுப்பொருளும் ஏற்றிய வண்டியைப் பற்றி. என் வண்டியில் இருந்தது கயிறும் காய்ந்த புழுக்கையும். இன்றைய விலைக்கு 50,000 ரூபாயில் நல்ல கிடாய் ஐந்து தேறினால் அதிகம்.

பணப் பட்டுவாடா நடக்கவில்லை என்றா சொல்கிறேன்? 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் பணத்தால்தான் தேர்தல் நின்றது. அதில் எந்தப் பணம் ஆட்டுக்காரன் மடியிலிருந்து போனது? கட்சிக் காசு எந்த வழியாகப் போகிறது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சோதனைச்சாவடியில் சிக்குவதென்னவோ காய்கறிக்காரனும் கல்யாண ஜவுளிக்குப் போகிறவனும்.

தேர்தல் இல்லாத நாளிலாவது நிம்மதி உண்டா? வங்கியில் ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டப் போனால் பான் கார்டு கேட்டார்கள். சேமிப்புக் கணக்கில் ஒரு வருஷத்தில் 10 லட்சம் ரொக்கம் ஏறினால் வருமான வரித்துறைக்குத் தகவல் போகும். நமக்கு அது சம்பாத்தியமா? ஒரே காசுதான் வாராவாரம் சந்தைக்குப் போய்த் திரும்பி வருகிறது. செக்கு மாடு நடந்த தூரத்தைக் கூட்டி, காசிக்குப் போய் வந்தாயா என்று கேட்பதுபோல் இருக்கிறது இவர்கள் கணக்கு. ஒரு நாளில் ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம். இந்த விதி வந்தது 2017 நிதிச் சட்டத்தில். தேர்தல் பத்திரத்துக்குக் கதவு திறந்ததும் அதே சட்டம்தான்! யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று ஊருக்குத் தெரியாமல் கட்சிகள் கோடிகோடியாக வாங்கின. அந்தப் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 பிப்ரவரி ஆனது. நான் மட்டும் நடுரோட்டில் நின்று என் காசுக்குப் பிறப்புச் சான்றிதழ் காட்ட வேண்டும்.

போனில் அனுப்பேன் என்கிறார்கள். பட்டன் போன்கூட இல்லாத ஆச்சிக்கு எந்த நம்பருக்கு அனுப்ப? ஆட்டுக்கயிற்றை என் கையில் கொடுக்குமுன் நோட்டை எண்ணிச் சுருக்குப்பையில் போடுகிறவள் அவள். அவளுக்கு வேறு எதை நம்பச் சொல்வது?

என் பணம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பிடித்த பணத்தைக் கேட்டு மனுக் கொடுக்க மாவட்டத்தில் ஒரு குழு இருக்கிறது. மனு, விசாரணை, கருவூலம் என்று அலைந்து வாங்கும்போது ரம்ஜான் போய்விட்டது. ஒரு ரூபாய் குறையாமல் எண்ணித் தந்தார்கள். அத்தனை நாளுக்கும் வட்டி நான் கட்டினேன். பேசி வைத்த கறிக்கடைக்காரர் வேறு ஆளிடம் ஆடு வாங்கிக்கொண்டார், இன்றுவரை என் பக்கம் திரும்பவில்லை. குட்டியானைக்காரருக்குக் காலி வண்டிக்கும் வாடகை கொடுத்தேன். இதற்கெல்லாம் எந்தக் குழுவிடம் ஐயா மனுக் கொடுப்பது? அதற்கும் பில் கேட்பீர்களா?