பூங்காவில் எங்களுக்கு இடம் எங்கே?

பெண்பிள்ளைகள் வளர வளர விளையாட்டில் நாட்டம் குறைந்துவிடும், அது அவர்கள் இயல்பு என்று பெரியோர் பலர் சொல்லக் கேட்கிறோம். ஐந்தாம் வகுப்புவரை பாண்டியும் கண்ணாமூச்சியுமாய்த் தெருவெல்லாம் திரிந்தவள், ஏழாம் வகுப்புக்கு வந்ததும் வாசற்படியோடு நின்றுவிடுகிறாள் என்பது உண்மையே. ஆனால் அது இயல்பால் நேர்வதா, இடமின்மையால் நேர்வதா? இடமின்மையே பெருங்காரணம் என்பது எங்கள் கருத்து. அதற்கு நல்லதொரு சான்று ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் கிடைக்கிறது.

1990-களின் நடுவில் அந்நகரத்தார் தங்கள் பூங்காக்களுக்கு யார் யார் வருகின்றனர் என்று ஆராய்ந்தனர். ஏறத்தாழப் பத்து வயதுவரை சிறுவரும் சிறுமியரும் வந்தனர். அதன்பின் சிறுமியர் தொகை சட்டெனக் குறைந்தது. சிறுவர் தொகையோ அவ்வாறு குறையவில்லை. காரணம் தேடியவர்கள் சிறுமியரின் குணத்தைக் குறை கூறிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. பூங்காவின் அமைப்பையே உற்று நோக்கினர். நடுவில் பரந்த ஒரே வெளி. அதில் இடம் வேண்டுமென்றால் போட்டியிட்டுப் பிடிக்க வேண்டும். பந்தோடு வரும் சிறுவர் கூட்டத்தோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்க யாருக்குத்தான் மனம் வரும்? சிறுமியர் பேசாமல் ஒதுங்கிக்கொண்டனர்.

1999-ஆம் ஆண்டில் மார்கரேத்தன் என்னும் ஐந்தாம் வட்டாரத்தில் இரு பூங்காக்களை மாற்றி அமைத்தனர். அவற்றுள் ஒன்று ஐன்சீட்லர் பூங்கா. நடைபாதைகளைக் கூட்டினர்; கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் களம் அமைத்தனர்; பெருவெளியைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்தனர். சிறுவரை யாரும் விரட்டவில்லை, சிறுமியரைத் தனியே வேலிக்குள் அடைக்கவும் இல்லை. ஆயினும் பல குழுவினரும் ஒருவரை ஒருவர் நெருக்காமல் பூங்காவைப் பயன்படுத்தத் தொடங்கினர். சிறுமியரின் இயல்பு ஓராண்டில் மாறிவிட்டதா என்ன? மாறியது நிலத்தின் அமைப்பு மட்டுமே.

இனி நம் ஊர்ப் பூங்காக்களைப் பார்ப்போம். வாயிலருகே ஊஞ்சலும் சறுக்குமரமும் சீசாவும் இருக்கும். அவை தம்பி தங்கையருக்கு. சுற்றிலும் நடைபாதை, சென்னைப் பூங்காக்கள் பலவற்றில் எட்டு வடிவப் பாதையும் உண்டு. அது நீரிழிவுக்கு அஞ்சும் பெரியவர்களுக்கு. (தாத்தாக்கள் நடப்பதை நாங்கள் குறை கூறவில்லை, நன்றாக நடக்கட்டும்!) நடுவே பசும்புல் இருந்தாலோ, மிதிக்காதீர் என்று பலகை தொங்கும். பூங்காவை விட்டுத் திடலுக்குப் போனால் அது முழுவதும் கிரிக்கெட்டுக்கே சொந்தம். சறுக்குமரத்துக்கு வயது கடந்து, நடைப்பயிற்சிக்கு வயது வராத எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? உட்கார்ந்து பேச ஒரு சிமெண்டு இருக்கை. அதிலும் சற்று நேரம் இருந்தால், இங்கென்ன வேலை என்னும் பார்வை.

11 முதல் 17 வயதுவரை உள்ளோர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் உடலை அசைத்து ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் இவ்வளவு அசைவில்லாத சிறுவர் 100-க்கு 78 பேர். சிறுமியர் 85 பேர். பள்ளியில் வாரத்துக்கு ஓரிரு முறை வரும் விளையாட்டு வகுப்பு இதற்குப் போதுமா? அதையும் தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது!

பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று அன்னையர் கேட்பீர்கள். கேட்பது நியாயமே. ஆனால் அதற்கும் விடை அமைப்பில்தான் இருக்கிறது. நல்ல விளக்கு, பூட்டிக் கிடக்காத கழிவறை, ஒன்றுக்கு இரண்டு வாயில், களத்தைப் பார்த்தவாறு அன்னையர் அமர இருக்கைகள் ஆகியவை இருந்தால் தாங்களும் வரலாம், நாங்களும் ஆடலாம். ஆளரவமற்ற இடத்தைவிடப் பல பெண்கள் கூடும் இடமே பாதுகாப்பானது அன்றோ?

எங்கள் அருட்சகோதரிகளுக்கு இது புதிய செய்தியன்று. 1846-இல் தூரின் நகரத்து வால்தோக்கோவில் புனித தொன் போஸ்கோ ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தபோது, அதைச் சூழ்ந்த நிலத்தையும் சேர்த்தே எடுத்தார். கொட்டகை சிற்றாலயமாயிற்று, நிலம் பிள்ளைகள் விளையாடும் இடமாயிற்று. 1872-இல் புனித மரிய மசரெல்லோவுடன் அவர் சிறுமியருக்கென ஒரு கன்னியர் சபையையும் தோற்றுவித்தார்.

நாங்கள் கேட்பது பெரிய அரங்கம் அன்று. வளையப்பந்துக் களத்துக்கு 40 அடி நீளமும் 18 அடி அகலமும் இருந்தால் போதும். பூங்காவின் ஒரு மூலையில் அது அடங்கிவிடும். நகர்ப்புறங்களில் இப்போது பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. சாக்கடை, தெருவிளக்கு பற்றிப் பேசச் செல்லும் தந்தையரே, அடுத்த முறை இந்த அளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் எங்களில் இருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். களம் எந்த மூலையில் அமைய வேண்டும், எந்தப் பக்கம் மாலை வெயில் முகத்தில் அடிக்கும் என்பதை நாங்களே காட்டுவோம்.