முன்னறிவிப்பில்லா வருகை



பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்த்து, மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டால் நான்காம் கட்டளை நிறைவேறிவிட்டதென எண்ணுவோர் நம்மிடையே உளர். அவர்கள் ஒன்றைச் சிந்திப்பார்களாக.

அமெரிக்க நாட்டில் 1987-இல் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கெனச் சட்டமொன்று இயற்றப்பட்டது. அரசின் உதவித் திட்டங்களில் சேர்ந்த ஒவ்வோர் இல்லத்தையும் 15 மாதங்களுக்குள் ஒருமுறையேனும் அதிகாரிகள் சோதித்தறிய வேண்டும். வரும் நாளை முன்கூட்டி அறிவித்தலாகாது. இரகசியமாய்த் தெரிவிப்போர்க்கு 2,000 டாலர் வரை அபராதம் என்றும் அச்சட்டம் விதித்தது. காரணம் வெளிப்படை. அறிவித்து வரும் நாளில் தரை பளபளக்கும். படுக்கை விரிப்பு வெளுத்திருக்கும். அறிவியாது வரும் நாளிலேயே உண்மை தெரியும். ஏடுகளைப் புரட்டுவதோடு அமையாது, முதியோரிடமே பேசிக் குறை கேட்டலும் அச்சோதனையின் பகுதியாகும்.

அந்நியரான அதிகாரிக்கே இத்துணைக் கடமையெனில், பெற்ற மக்களுக்கு எத்துணை! கிறிஸ்துமஸ் நாளில் பலகாரத்துடன் செல்வது மட்டும் போதாது. சாதாரண நாளொன்றில், உணவு வேளையில், சொல்லாமல் செல்வோம். முதுகில் படுக்கைப் புண் உண்டா, மருந்து வேளைக்குக் கிடைக்கிறதா, இரவில் அழைத்தால் ஆள் வருகிறாரா எனத் தனியே அமர்ந்து கேட்போம். பணியாளர் முன்னிலையில் முதியோர் வாய் திறவார். பார்க்க எவருமில்லாத பக்கத்துக் கட்டிலாரையும் விசாரிப்போம். நன்கு நடைபெறும் இல்லம் இதனை வெறுக்காது, வரவேற்கும்.

சிலுவையில் உயிர்விடும் வேளையிலும் ஆண்டவர் தம் அன்னையைத் தாம் நன்கறிந்த அருளப்பரிடமே ஒப்படைத்தார். நம் அன்னையரை யாரிடம் ஒப்படைத்துள்ளோம் என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டாமா?